இப்திஹாலின் நாற்பத்து நான்கு ஓம்

மோசுல் நகரத்தின் அந்தத் தெருவில் கல்யாணப் பேச்சு எடுத்தால், பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்பே இன்னொன்றைக் கேட்டுவிடுவார்கள். "வீட்டுக்கு எத்தனை ஆம்பியர்?" பத்து என்றால் மாப்பிள்ளை நல்லவன். மூன்று என்றால் பையனுக்கு இன்னும் வயது இருக்கிறதே, அவசரம் என்ன என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இப்திஹாலின் வீட்டுக்கு ஐந்து ஆம்பியர். அந்த ஐந்தில்தான் அவளும் அவள் கணவன் தன்னூனும் வாழ்ந்தார்கள். அந்த ஐந்தில்தான் அவளுடைய பார்லரும் ஓடியது. தெருவைப் பார்த்த முன்னறையில் ஒரு பெரிய கண்ணாடி, இரண்டு நாற்காலி, ஒரு டிரையர். பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டு உட்கார வேண்டும் என்பதால் ஜன்னலில் எப்போதும் தடித்த திரை தொங்கும். திரைக்குள்ளே பகலிலும் விளக்கு எரிய வேண்டும்.

அரசு மின்சாரம் வந்தால் வரும், போனால் போகும். மீதி நேரமெல்லாம் தெருக்கோடியில் நிற்கும் ஹஜ்ஜி முஸாஹிமின் ஜெனரேட்டர்தான் கதி. அதன் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி. தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்குள் ஒரு பிரேக்கர் இருந்தது. மாதக் காசு கொடுத்து வாங்கிய ஆம்பியரைத் தாண்டினால் அந்த வீட்டின் பிரேக்கர் விழும், வீடு இருளும். அதைத் தூக்கிவிட ஹஜ்ஜியால்தான் முடியும். அவர் சும்மா தூக்கமாட்டார். கேஸ் சிலிண்டர் விற்கிறவர்கள் வண்டியில் கட்டியிருப்பார்களே, அந்த மாதிரி ஓர் ஒலிபெருக்கி வைத்திருந்தார். முதலில் அதில் வீட்டின் மானத்தை வாங்கிவிட்டுத்தான் பிரேக்கரைத் தொடுவார்.

"உம் நிப்ராஸ் வீடு! இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் ஒண்ணாப் போட்டாச்சு! சட்டையையும் டீயையும் ஒரே நேரத்துல குடிக்கப் போறாங்களாம்!"

தெரு முழுக்கச் சிரிக்கும். நாளைக்குத் தன் பெயர் வரும் என்று தெரிந்தும் சிரிக்கும்.

இப்திஹாலின் பெயர் மட்டும் அந்த ஒலிபெருக்கியில் வந்ததே இல்லை. பள்ளியின் கடைசி வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும் மின்சாரப் பாடம் அவள் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. புருவம் தீட்டும் பென்சிலால் கண்ணாடியின் ஓரத்திலேயே கணக்குப் போடுவாள். மனிதர்களைக்கூட மின்தடையை அளக்கும் ஓம் கணக்கில்தான் அளந்தாள். எவ்வளவு அழுத்தினாலும் அசையாதவர்களுக்கு ஓம் அதிகம்.

"என் வீட்டுக்காரருக்கு ஆயிரம் ஓம்," என்பாள் வாடிக்கைப் பெண்களிடம். "குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுங்கன்னு காலையிலேர்ந்து சொல்றேன். ஒரு மில்லி ஆம்பியர் நகரல."

"உன் வோல்ட்டேஜைக் கூட்டு," என்று உள்ளறையிலிருந்து தன்னூன் கத்துவான். அவன் டாக்சி ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரத்தில் வீட்டில் படுத்திருப்பான்.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் பார்லருக்குச் சிக்கல் வந்தது. டிரையர் ஊதியது, ஆனால் காற்றில் சூடு இல்லை. முடி காயவே ஒரு யுகமாயிற்று. சொந்த ஜெனரேட்டர் வைத்திருந்த பெரிய சாலை பார்லருக்குப் பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

டிரையர் கெட்டுவிட்டதா என்று பார்க்க, தன்னூன் வாங்கி வைத்திருந்த மீட்டரை எடுத்தாள். கொக்கி மாதிரி வாயைத் திறந்து ஒயரைக் கவ்வும் மீட்டர் அது. முதலில் இரண்டு கம்பியையும் சேர்த்துக் கவ்வினாள். பூஜ்யம் காட்டியது.

"பாரு, உன் டிரையருக்கு உயிரே இல்ல," என்றான் தன்னூன்.

"போற கரண்டையும் வர்ற கரண்டையும் சேர்த்துப் புடிச்சா ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கிட்டு பூஜ்யம்தான் வரும். நீங்களும் உங்க அம்மாவும் ஒரே நேரத்துல பேசுற மாதிரி," என்று சொல்லிவிட்டு, ஒற்றைக் கம்பியைப் பிரித்துக் கவ்வினாள். நான்கு ஆம்பியர். பிளக்கில் வைத்துப் பார்த்தால் நூற்று எழுபத்தாறு வோல்ட்.

பென்சில் கண்ணாடியில் ஓடியது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். நூற்று எழுபத்தாறை நான்கால் வகுத்தாள். நாற்பத்து நான்கு. டிரையருக்குள் இருக்கும் சுருள் கம்பியின் குணம் அது. எந்த ஜெனரேட்டருக்கும் பயந்து மாறாது. அடுத்து, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். எழுநூற்று நான்கு வந்தது. டிரையரின் அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் இருநூற்று இருபது வோல்ட்டில் ஆயிரத்து நூறு வாட் என்று இருந்தது.

"ஏறக்குறைய நானூறு வாட்டைக் காணோம்!"

"கட்டில் அடியில பாரு," என்றான் தன்னூன்.

"ஹஜ்ஜியோட டீசல் டேங்குல இருக்கு. வோல்ட்டைக் குறைச்சு வச்சிருக்காரு. வோல்ட்டு குறைஞ்சா ஆம்பியரும் கூடவே குறையும். ரெண்டும் குறைஞ்சா சூடு எங்கேர்ந்து வரும்?" ஆயிரத்து நூறு என்ற எண்ணைக் கண்ணாடியில் பெரிதாக எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

அவளுக்கு அவசரம் இருந்தது. ஹஜ்ஜியின் மகள் ருவைதாவுக்கு வியாழக்கிழமை கல்யாணம். ஹஜ்ஜியின் மனைவிக்கு மூத்த மகன் பெயர் முதன்னா என்பதால் தெருவுக்கு அவள் உம் முதன்னா, முதன்னாவின் அம்மா. ஒரு நாள் அவள் வந்து, "முதல்ல என் தலையில செஞ்சு காட்டு. புடிச்சா மணப்பொண்ணு, அவ தங்கச்சிங்க, சித்திங்க எல்லாரும் உங்கிட்ட. புடிக்கலன்னா பெரிய சாலைதான்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்தக் கல்யாணம் கைக்கு வந்தால் பார்லர் பிழைக்கும். போனால் அந்தக் கண்ணாடியில் தன்னூன் சவரம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

இப்திஹால் நேரே தெருக்கோடிக்குப் போனாள். ஹஜ்ஜி பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஏலக்காய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஹஜ்ஜி, எனக்கு வோல்ட்டு பத்தல."

"உனக்கு எத்தனை ஆம்பியர், மகளே?"

"அஞ்சு."

"அஞ்சு வரைக்கும் இழுத்தா குடுக்குறேனா இல்லையா?"

"குடுக்குறீங்க. மெலிஞ்சு போயில்ல வருது."

"நான் விக்கிறது ஆம்பியர். வோல்ட்டு மேலேர்ந்து வர்றது. அதை ஆண்டவன்கிட்ட கேளு."

"மேலேர்ந்து வரல ஹஜ்ஜி. அதோ துணியைச் சுத்தி மறைச்சு வச்சிருக்கீங்களே, வோல்ட்டை ஏத்தி இறக்குற குமிழ், அங்கேர்ந்துதான் வருது."

ஹஜ்ஜி குவளையைக் கீழே வைத்தார். "பார்லர்க்காரிக்கு ஜெனரேட்டர்ல என்ன வேலை?"

"நீங்க குடுக்குறது அஞ்சு கிளாஸ் டீ மாதிரி. கிளாஸ் அஞ்சும் சரியா இருக்கு. டீதான் விளிம்பு வரைக்கும் இல்ல."

"விளிம்பு வரைக்கும் ஊத்தினா விரல் சுடும், மகளே. போய் வேலையைப் பாரு."

இப்திஹால் சிரித்துக்கொண்டே திரும்பினாள். இந்த மனிதருக்கு ஓம் கணக்கே கிடையாது, மின்சாரம் துளியும் புகாத சுத்தமான பீங்கான் என்று முடிவு செய்தாள். ஆனால் பீங்கானையும் உடைக்கக்கூடிய ஒருத்தி அவர் வீட்டிலேயே இருந்தாள்.

அடுத்த நாள் உம் முதன்னா தலையைக் காட்ட வந்தாள். மருதாணி போட்ட முடி இடுப்பு வரை தொங்கியது, கயிறு மாதிரி தடித்தது. இப்திஹால் அதை ஒரு தரம் அலசினாள். மறுபடி அலசினாள். "உங்க முடிக்கு இது பத்தாது" என்று இன்னொரு தரமும் அலசினாள். துண்டால் ஒற்ற வேண்டிய இடத்தில் சும்மா தட்டிக் கொடுத்தாள். பிறகு டிரையரைப் போட்டாள்.

டிரையர் நோயாளி மாதிரி மூச்சுவிட்டது. ஒரு டீ ஆயிற்று. இன்னொரு டீ ஆயிற்று. கல்யாண விருந்துக்கு எத்தனை ஆடு என்ற பேச்சு முடிந்தது. சம்பந்தி வீட்டின் குறைகள் எல்லாம் தீர்ந்து, இல்லாத குறைகளும் பேசப்பட்டன. முடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது.

"என்ன கண்ணு இது, கழுத்து விறைக்குது! உன் டிரையர் ஊதுதா, கொட்டாவி விடுதா?"

"டிரையர் மேல தப்பு இல்ல. பாவம், அது ஆயிரத்து நூறு வாட்டுக்குப் பொறந்தது. எழுநூறுதான் வயித்துக்குப் போகுது. ஹஜ்ஜி சிக்கனமான மனுஷன். தப்பு சொல்லக்கூடாது." இப்திஹால் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். "வியாழக்கிழமை ருவைதாவுக்கும் இப்படித்தான் ஆகும். ஈரத் தலையோட மணமேடையில உட்கார்ந்தா, புருஷன் வீட்டுக்கு முதல் நாளே தும்மிக்கிட்டுப் போகும் பொண்ணு."

உம் முதன்னா கைபேசியை எடுத்தாள். ஹஜ்ஜி "ஹலோ" சொல்லி முடிக்கவில்லை.

"அபு முதன்னா! உங்க கரண்ட்டுக்கு என்ன வயசாச்சு? மூச்சு வாங்குது! ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கி வச்சுப் பேசுறீங்களே, உங்க பொண்டாட்டி தலை இங்க மீன்கடை மாதிரி சொட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் குமிழைத் திருகுறீங்களா, இல்ல நான் ஈரத்தலையோட அங்க வரவா?"

மறுமுனையில் பெருமூச்சு ஒன்று கேட்டது. தெருக்கோடியில் என்ஜினின் குரல் தடித்தது. இப்திஹால் மீட்டரைப் பிளக்கில் வைத்தாள். நூற்றுத் தொண்ணூறு. இருநூற்று ஐந்து. இருநூற்று இருபது! விளக்குகள் கண் திறந்தன. டிரையர் உறுமியது. சூடான காற்று உம் முதன்னாவின் கழுத்தில் பட்டதும் அவள் கண்ணை மூடி, "ஆண்டவன் உன் கையை நல்லா வைக்கட்டும்," என்றாள்.

அந்த வாழ்த்து முடிவதற்குள் எல்லாம் அணைந்தது.

இருட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் ஒலிபெருக்கி கனைத்தது. அதில் அப்படியொரு மகிழ்ச்சி.

"இப்திஹால் வீடு! கேளுங்க மக்களே, இப்திஹால் வீடு!"

அவளுக்குக் காது வரை சூடேறியது. கைபேசி வெளிச்சத்தைக் கண்ணாடியின் மீது அடித்தாள். ஆயிரத்து நூறைச் சுற்றி வட்டம் போட்டவள், அடுத்த வரியைப் போட மறந்திருந்தாள். இருநூற்று இருபதை நாற்பத்து நான்கால் வகுத்தால் ஐந்து. முழுசாக ஐந்து ஆம்பியரையும் டிரையர் ஒன்றே குடித்துவிடும். விளக்குக்கு ஒரு சொட்டு மிச்சமில்லை. வோல்ட்டு குறைந்தால் ஆம்பியரும் குறையும் என்று தன்னூனுக்குப் பாடம் நடத்தியவள், ஏறினால் ஏறும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

உள்ளறையிலிருந்து தன்னூனின் குரல் வந்தது. "உன் வோல்ட்டேஜை நீயே கூட்டிக்கிட்டியே, இப்திஹால்!"

அவள் மட்டுமல்ல. தெருவில் எல்லா வீட்டுப் பழக்கமும் அந்த மெலிந்த மின்சாரத்தில் வளர்ந்தது. ஒரே கடையில் வாங்கிய கெட்டில்தான் எல்லா வீட்டிலும். கெட்டிலோடு டிவி, இஸ்திரிப் பெட்டியோடு ஃபேன் என்று எது எதோடு சேரும் என்பது அவர்களுக்குக் கை மனப்பாடம். இப்போது அந்த மனப்பாடமெல்லாம் பொய்த்தது. பிரேக்கர்கள் சடசடவென்று விழுந்தன. ஹஜ்ஜி வகுப்பில் பெயர் கூப்பிடும் வாத்தியார் மாதிரி வீடுகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தெருவுக்கே ஒன்று சொன்னார். "கிளாஸ் நிறைய ஊத்தச் சொன்னது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்ல? வந்து சொல்லுங்க, பழையபடி இறக்கிடுறேன்."

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு உம் நிப்ராஸ் தலைமையில் பெண்கள் கிளம்பினார்கள். ஹஜ்ஜியிடம் போகிறவர்கள் இப்திஹாலின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் வாசலிலேயே நின்றாள்.

"எங்க போறீங்க எல்லாரும்?"

"உன்னால போச்சு எல்லாம்!" என்றாள் உம் நிப்ராஸ். "கெட்டில் போட்டுட்டு நான் டிவி பார்க்கக்கூடாதா? அது எனக்கு உரிமை இல்லையா? எங்க பழைய கரண்டை எங்ககிட்ட குடுத்துடு!"

"குடுத்துடுறேன். ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க."

டீ என்றால் மறுக்கத் தெரியாத தெரு அது. எல்லாரும் முக்காட்டோடு உள்ளே உட்கார்ந்தார்கள். இப்திஹால் திரையை விலக்கி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கெட்டிலை மட்டும் போட்டாள். பிறகு ஒன்றும் அறியாதவள் போல், "உங்க மருமக எப்படி இருக்கா?" என்று உம் நிப்ராஸைக் கேட்டாள்.

உம் நிப்ராஸின் மருமகள் கதைக்கு ஓர் அளவு உண்டு. கெட்டிலைப் போடும்போது தொடங்கினால் தண்ணீர் கொதிக்கும்போது முடியும்.

"அதை ஏன் கேக்குற! நேத்து குப்பா செய்யிறேன்னு உட்கார்ந்தா. மாவை இவ்வளவு தடிமனா தட்டுனா. நான் வாயைத் திறக்கல. கறியை உள்ள வைக்கிறதுக்குள்ள அவ அம்மாகிட்டேர்ந்து போன். நான் அப்பவும் வாயைத் திறக்கல..."

கெட்டில் டப்பென்று அணைந்தது. தண்ணீர் கொதித்துக் குமுறியது.

உம் நிப்ராஸ் திகைத்துப் போனாள். "நான் இன்னும் வாயையே திறக்கலையே!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பார்த்தீங்களா?" என்றாள் இப்திஹால். "ஆம்பியர் அதே அஞ்சுதான். முன்னாடி அந்த அஞ்சுக்கு எண்ணூத்தி எம்பது வாட்டுதான் கிடைச்சுது. இப்போ ஆயிரத்து நூறு. ஒரே வாசல்தான், உள்ள வர்ற ஆளு குண்டாயிட்டான். அதனால ஒவ்வொருத்தனா வரணும். கெட்டில் வேலை முடிஞ்சு போகட்டும், அப்புறம் டிவியைக் கூப்பிடுங்க. எல்லா வேலையும் சீக்கிரம் முடியும். நீங்க இறக்கச் சொன்னா ஹஜ்ஜிக்கு டீசல் மிச்சம். உங்களுக்கு என்ன மிச்சம்?"

"எனக்குக் கதை மிச்சம்," என்று முணுமுணுத்தாள் உம் நிப்ராஸ். ஆனால் அவளும் ஹஜ்ஜியிடம் போகவில்லை. கல்யாணம் முடியட்டும், பார்ப்போம் என்று கலைந்தார்கள்.

தெருவைச் சமாளித்தாயிற்று, தன் வீட்டு விளக்கைச் சமாளிக்கவில்லை. டிரையரில் பாதிச் சூடு வைக்கும் பொத்தான் என்றைக்கோ உடைந்துபோனது. டிரையர் ஓடினால் விளக்கு எரியாது. திரையை விலக்கினால் தெருவில் போகும் ஆண்கள் மணப்பெண்ணின் தலையைப் பார்ப்பார்கள். அரசு மின்சாரமோ வியாழக்கிழமைகளில் யார் கல்யாணத்துக்கும் வந்ததில்லை.

அந்தத் தெருவில் அதற்கும் ஒரு வழி இருந்தது. சுவர்மேலாக ஒயர் கொடுப்பது. உப்புக் கடன் கேட்பது போல அரை ஆம்பியர் கடன் கேட்பார்கள். உம் நிப்ராஸ் தன் வீட்டிலிருந்து ஒரு ஒயரைச் சுவர் தாண்டி அனுப்பினாள். முன்னறையின் இரண்டு விளக்கையும் கழற்றி அதில் மாட்டினார்கள்.

"அந்த நேரத்துல நீங்க கெட்டில் மட்டும் போடக்கூடாது," என்று இப்திஹால் கெஞ்சினாள். "உங்க வீட்டுக்கும் அஞ்சு ஆம்பியர்தான், உங்க கெட்டிலும் அஞ்சு ஆம்பியர். என் விளக்கும் சேர்ந்தா விழுந்துடும்."

"நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றாள் உம் நிப்ராஸ்.

வியாழக்கிழமை முன்னறை நிறைந்துவிட்டது. தங்கைகள், சித்திகள், தலைநிறைய முடி சுருட்டும் உருளைகளோடு உம் முதன்னா. டிரையர் சீறியது. ருவைதாவின் முடி கைக்கு அடங்கிய பட்டாகக் காய்ந்துவந்தது. இப்திஹால் சுருள்களை ஒவ்வொன்றாக ஏற்றிக் குத்தினாள். நெற்றிக்கு மேலே நிற்க வேண்டிய கடைசிச் சுருளை விரலில் சுற்றிப் பிடித்தபோது, விளக்குகள் அணைந்தன. டிரையர் மட்டும் இருட்டில் ஊதிக்கொண்டிருந்தது.

வெளியே ஒலிபெருக்கி எழுந்தது. "உம் நிப்ராஸ் வீடு! டீ தாகம் பொறுக்கல போல!"

"யாரும் அசையாதீங்க!" என்றாள் இப்திஹால். சுருளை விட்டால் மொத்தமும் சரிந்துவிடும். ஒரு சித்தி கைபேசியை நீட்டினாள். அந்த நீல வெளிச்சத்தில் மணப்பெண் செத்தவள் மாதிரி தெரிந்தாள். ருவைதாவின் உதடு நடுங்கத் தொடங்கியது.

"அவங்க வீட்டுக்கு டீ குடிக்க யாரோ விருந்தாளி வந்திருக்காங்க போல," என்று ஹஜ்ஜி தெருவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "அதனால சொல்றேன் மக்களே, விருந்தாளி முக்கியமா, பிரேக்கர் முக்கியமா..." தன் மகள்தான் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

உம் முதன்னா எழுந்தாள். உருளைகளுக்கு மேலேயே முக்காட்டைப் போர்த்தினாள். தலை தர்பூசணி அளவுக்கு இருந்தது. அப்படியே தெருவில் இறங்கி நடந்தாள். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாம் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள்.

பிறகு நடந்ததை முன்னறையில் இருந்தவர்கள் ஒலிபெருக்கி மூலமாகவே கேட்டார்கள். அதை அணைக்க ஹஜ்ஜிக்கு நேரம் கிடைக்கவில்லை.

"எந்திரிங்க நாற்காலியை விட்டு."

"ஏம்மா, தலைக்கு என்ன..."

"உங்க பொண்ணு அங்க அரைத் தலையோட இருட்டுல உட்கார்ந்திருக்கா, நீங்க இங்க பிரசங்கம் பண்றீங்க! எது உம் நிப்ராஸ் வீடு? இதுவா? எந்திரிங்கன்னு சொன்னேன்!"

விளக்குகள் எரிந்தன. அடுத்து ஒலிபெருக்கியில் வந்தது உம் முதன்னாவின் குரல். "உம் நிப்ராஸ்! கெட்டிலைப் புடுங்குங்க. என் பொண்ணு தலை முடியுற வரைக்கும் இந்தத் தெருவுல எவளும் கெட்டில் போடக்கூடாது. நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்."

உட்கார்ந்தாள். எந்த வீட்டுப் பிரேக்கர் விழுந்தாலும் பேச்சில்லாமல் தூக்கிவிட்டாள். ஹஜ்ஜி பக்கத்தில் நின்றபடி, தன் குவளையில் ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்திஹால் கடைசிச் சுருளைக் குத்தி, கையை எடுத்தாள். அது நின்றது. ருவைதா கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு அம்மாவைத் தேடினாள். "அம்மா எங்க?" என்றாள். "ஜெனரேட்டர் ஓட்டுறாங்க," என்றாள் சித்தி. மணப்பெண்ணுக்குச் சிரிப்பு வந்து மை கலையப் பார்த்தது.

கல்யாணத்தில் அந்தத் தலையைப் பார்த்த பெண்கள், அடுத்த வாரமே திரைக்கு வெளியே காத்து நின்றார்கள். பெரிய சாலைக்குப் போனவர்களும் திரும்பி வந்தார்கள், நடுவில் எங்கேயும் போகாதவர்கள் மாதிரி. குமிழ் இருநூற்று இருபதிலேயே நின்றது. அதைச் சுற்றியிருந்த துணியை உம் முதன்னா துவைத்து, தட்டு துடைக்க வைத்துக்கொண்டாள்.

இப்திஹால் ஒரு மாலையில் தெருக்கோடிக்குப் போனாள்.

"இன்னும் ஒரு ஆம்பியர் வேணும், ஹஜ்ஜி."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு? ரெண்டாவது டிரையரா?"

"விளக்குக்கு. எத்தனை நாளைக்கு உம் நிப்ராஸைத் தாகத்தோட வைக்கிறது?"

ஹஜ்ஜி பெட்டியைத் திறந்து அவளுடைய பிரேக்கரைக் கழற்றத் தொடங்கினார். தெருவில் யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்தார்.

"மகளே, ஒரு கணக்கு சொல்லு. எங்க வீட்டு ஹீட்டர் ரெண்டாயிரத்து இருநூறு வாட்டு. உம் முதன்னா சமையலறையில ஒண்ணு, படுக்கையறையில ஒண்ணுன்னு ரெண்டு போடுறா. என் வீட்டுக்கு எவ்வளவு இழுக்கும்?"

"ஒண்ணுக்குப் பத்து. ரெண்டுக்கு இருபது ஆம்பியர்."

"அவகிட்ட ஒண்ணை அணைக்கச் சொல்லணும்," என்றார் ஹஜ்ஜி மெதுவாக. "அதை நீயே வந்து சொல்லேன்."